மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்: காரைக்குடியில் ஒன்றுகூடல் நடத்தும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடிக் கல்லூரிகளில் படித்து வெளியேறி, இருபத்தைந்தாம் ஆண்டு, முப்பதாம் ஆண்டு என்று ஒன்றுகூடலுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

வாட்ஸப் குழுவில் "எப்ப வச்சுக்கலாம்?" என்ற கேள்வி விழுந்த மறுநாளே உள்ளூர் நண்பர் ஒருவர் மண்டபம் பார்க்கக் கிளம்பிவிடுகிறார். முன்பணமும் கொடுத்துவிடுகிறார். பிறகுதான் துபாயிலிருந்து ஒருவர் அந்த வாரம் விடுப்பு கிடைக்காது என்கிறார். டெல்லியிலிருந்து ஒருவர் சீட்டு விலையைப் படம் பிடித்துப் போட்டு மௌனமாகிவிடுகிறார். பாதிப் பேர் "முயற்சி செய்கிறேன்" என்கிறார்கள். அதற்கு வரமாட்டேன் என்று பொருள் என்பது உங்களுக்கே தெரியும். நூறு பேர் படித்த வகுப்பில் நாற்பது பேர் மட்டும் வந்து சேர்வதற்கு ஆர்வக் குறைவைக் காரணம் சொல்லாதீர்கள். தேதி ஒரு பக்கமும் விமானம் ஒரு பக்கமும் நிற்பதே பெரும்பாலும் காரணம். இத்தகைய கூட்டங்களின் பயண ஏற்பாடுகளைக் கவனிப்பவர்கள் என்ற முறையில் நாங்கள் கேட்பது இதுதான்: முதலில் தேதி, அடுத்து எந்த விமான நிலையம் என்பது, மண்டபம் அதற்கும் பிறகு.

காரைக்குடிக்கு விமானம் கிடையாது. இங்கே ஒரு முரணைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. 1947-இல் கலைக் கல்லூரியையும் 1952-இல் பொறியியல் கல்லூரியையும் இந்த ஊருக்குக் கொண்டுவந்த அழகப்பச் செட்டியார் விமானம் ஓட்டும் உரிமம் பெற்றவர். ஜூபிடர் ஏர்வேஸ் என்ற பெயரில் டகோட்டா விமானங்களை வைத்து ஒரு நிறுவனத்தையே நடத்தியவர். பக்கத்துச் செட்டிநாட்டில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்றும் கிடக்கிறது. ஆனாலும் அவர் வளாகத்தில் படித்தவர்கள் திரும்பி வர வேண்டுமென்றால் திருச்சியிலோ மதுரையிலோ இறங்கித்தான் ஆக வேண்டும்.

வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம்தான், தொண்ணூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். அதனால் "யாருக்கு எது வசதியோ அதில் வரட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. வாசலை விட்டு வெளியே வந்து தெற்கே திரும்பினால் ஊருக்குள் நுழையாமலே புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடிக்கு வந்துவிடலாம், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. காரைக்குடிச் சாலையோ மேலூர், திருப்பத்தூர் வழியாக வடகிழக்கே போகிறது. ஊரைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் அந்தச் சாலையைப் பிடிக்க வேண்டும். தூரத்தில் தெரியாத வித்தியாசம் நேரத்தில் தெரியும். அதைவிட முக்கியமான காரணம் வண்டி. இரண்டு ஊர்களுக்கும் ஆட்களை அனுப்பினால் வேன் செலவு இரட்டிப்பாகும், உங்கள் ஆட்களும் இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள். திருச்சிதான் என்று முதல் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். மதுரைக்காரர்களும் தென்மாவட்டத்துக்காரர்களும் எப்படியும் காரிலோ பஸ்ஸிலோ வந்துவிடுவார்கள்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குத் திருச்சியில் இன்னொரு லாபமும் உண்டு. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், ஷார்ஜா ஆகிய ஊர்களிலிருந்து அங்கே நேராக வந்து இறங்கலாம். (அட்டவணை ஆண்டுக்கு இருமுறை, மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் மாறும், சீட்டு எடுக்கும்போது மறுபடி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.) ஆஸ்திரேலியாவிலிருந்தோ அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்தோ வருபவர் சிங்கப்பூர் வழியாக ஒரே சீட்டில் திருச்சி வரை எடுத்தால் பெட்டியும் திருச்சிக்கே வந்துவிடும், குடிநுழைவும் சுங்கமும் அங்கேயே முடியும். சென்னை வழியாக வந்தால் அப்படியில்லை. இந்தியாவுக்குள் முதலில் இறங்கும் ஊரில்தான் குடிநுழைவு, சுங்கம் இரண்டும். பெட்டியைச் சுழற்பட்டையிலிருந்து எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு டெர்மினலுக்குப் போய், மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டும். இரண்டு பயணத்துக்கும் தனித்தனிச் சீட்டு எடுத்திருந்தால் மூன்று மணி நேர இடைவெளிகூடப் போதாமல் போகலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது, சீட்டுப் பணம் போனதுதான். மலிவாக இருக்கிறதே என்று தனித்தனியாக எடுப்பவர்களிடம் இதை ஒருமுறை சொல்லிவிடுவது உங்கள் கடமை.

சென்னைவாசிகள் விமானத்தில் வரவே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. திருச்சிக்குப் பறக்கும் நேரம் ஒரு மணிதான். ஆனால் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போவது, இரண்டு மணி நேரம் முன்னதாக நிற்பது, இறங்கிப் பெட்டிக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் வந்தே பாரத் திருச்சி வந்து சேரும் நான்கு மணி நேரத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடியிலேயே கொண்டுவந்து விடுகிறது. சேது எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறினால் நள்ளிரவை ஒட்டிக் காரைக்குடி. வெளிநாட்டிலிருந்து சென்னையில் வந்து இறங்குபவர்கள்கூட எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் தாம்பரத்தில் இந்த இரண்டு வண்டிகளிலும் ஏறலாம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதை மறக்காமல், திறக்கும் தேதியைக் குழுவில் ஒட்டி வையுங்கள்.

தேதிக்கு வருவோம். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது டிசம்பர் கடைசி வாரம். அதைவிடச் சிக்கலான வாரம் இல்லை. பள்ளி விடுமுறையால் உள்நாட்டுக் கட்டணம் உச்சத்தில் இருக்கும், வெளிநாட்டிலிருந்து வரும் சீட்டும் அப்படியே. டெல்லியில் டிசம்பர் பிற்பாதியிலிருந்து ஜனவரி நடுவரை மூடுபனி. அங்கே காலையில் கிளம்ப வேண்டிய விமானம் மூன்று மணி நேரம் நின்றால், அதே விமானம் அன்று மாலை தெற்கே செய்ய வேண்டிய பயணங்களும் தள்ளிப்போகும். திருச்சியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது விமானம் ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வடகிழக்குப் பருவமழையின் வாலும் அப்போது மிச்சமிருக்கலாம். போதாததற்கு வைகுண்ட ஏகாதசியும் பெரும்பாலும் மார்கழியில்தான் வரும். ஸ்ரீரங்கத்துக் கூட்டத்தில் திருச்சி விடுதிகள் நிரம்பிவிடும், அதிகாலை விமானத்துக்காக முதல் நாள் தங்க நினைப்பவருக்கு அறை கிடைக்காது. டிசம்பரில் ஒரே நன்மை, மார்கழியில் கல்யாணம் இல்லாததால் மண்டபம் சும்மா கிடக்கும்.

அதே நன்மை ஆடியிலும் உண்டு. எங்கள் ஓட்டு ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் இரண்டு வாரங்களுக்கு. முகூர்த்தம் இல்லை, மண்டபமும் சமையல்காரரும் கிடைப்பார்கள். வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் பள்ளி விடுமுறைக் காலம், குடும்பத்தோடு ஊருக்கு வருபவர்கள் ஏற்கெனவே இங்கே இருப்பார்கள். வெயில் கொஞ்சம் இருக்கும், பகல் நிகழ்ச்சியைக் குளிரூட்டிய இடத்தில் வைத்தால் தீர்ந்தது. ஆடிப்பெருக்கு, சுதந்திர தினம் இரண்டையும் ஒட்டிய வார இறுதிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தையில் வைக்க நினைத்தால் இரண்டு தடங்கல்கள். முகூர்த்தங்கள் அடுக்கடுக்காக இருக்கும், மண்டபம் ஆறு மாதம் முன்பே போய்விடும். தைப்பூசத்தை ஒட்டி நகரத்தார் பழனிக்குப் பாதயாத்திரை போகும் நாட்களில் குன்றக்குடிச் சாலையில் வண்டி நகராது. மார்ச்சிலிருந்து மே தொடக்கம் வரை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். இருபத்தைந்தாம் ஆண்டு கொண்டாடும் செட்டில் எல்லாருக்கும் வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும், வீட்டுக்கு வீடு பிளஸ் டூ, நீட் என்று ஒரு பிள்ளை இருக்கும். ரம்ஜான், பக்ரீத் தேதிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும் பண்டிகைகள் அவை, போன ஆண்டுக் காலண்டரை நம்ப முடியாது.

தேதி முடிவானதும் ஆறு மாதம் முன்பே அறிவியுங்கள். உள்நாட்டுச் சீட்டை ஆறு மாதம் முன்பே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை, விடுப்புக்கு எழுதிக் கொடுக்க அந்த அவகாசம் வேண்டும்.

சீட்டு எடுப்பதில் குழுக்கள் பணத்தை விடும் இடம் ஒன்று உண்டு. ஒரே விமானத்தில் ஒரே வகுப்பு இருக்கைகளையே நிறுவனங்கள் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கும். எடுத்துக்காட்டாக, அடிப்படியில் மூன்று இருக்கை, அடுத்த படியில் நான்கு, அதற்கு மேல் நிறைய என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரே தடவையில் ஒன்பது பேருக்குக் கேட்டால், ஒன்பது இருக்கையும் சேர்ந்து கிடைக்கும் படியைத்தான் கணினி காட்டும். அந்த ஒன்பது பேருமே மேல்படி விலையைக் கொடுப்பார்கள். முதலில் ஒருவருக்கு, பிறகு மூவருக்கு, பிறகு ஒன்பது பேருக்கு என்று தேடிப் பாருங்கள். தலைக்கு விலை ஏறினால் மூன்று மூன்று பேராகப் பிரித்து எடுங்கள். ஒரு குடும்பத்தை மட்டும் ஒரே முன்பதிவில் வையுங்கள், விமானம் ரத்தானால் அவர்கள் சேர்ந்தே மாற்றப்பட வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ என்றால் குழுப் பதிவு என்று தனி வழி இருக்கிறது. அதில் விலை குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம், பல சமயம் கூடவே இருக்கும். ஆனால் விலை ஒரே நிலையில் நிற்கும், முன்பணம் கட்டிவிட்டுப் பெயர்களைப் பின்னால் கொடுக்கலாம். யார் வருவார்கள் என்று உறுதியாகாத நிலையில் அது பெரிய வசதி.

பெயர் என்றதும் நின்று நிதானியுங்கள். நம் ஊர்ப் பெயர்களைப் போல விமானக் கணினியைத் திணறடிப்பவை இல்லை. கல்லூரிப் பதிவேட்டில் "ரா. செந்தில்குமார்", ஆதாரில் செந்தில்குமார் ரா, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயராக்கி ஒன்று, வாட்ஸப்பில் பட்டப்பெயர். அடையாள அட்டையாக எதைக் காட்டப் போகிறாரோ அதிலிருக்கும் பெயர்தான் சீட்டில் இருக்க வேண்டும், வெளிநாட்டுப் பயணம் என்றால் பாஸ்போர்ட் எழுத்துக்கு எழுத்து. பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லாதீர்கள், அட்டையின் படத்தை வாங்கி அதைப் பார்த்து நிரப்புங்கள். சீட்டு எடுத்தபின் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள், பொதுக் குழுவில் ஆதார் படம் மிதக்கக் கூடாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்பவர்களும் நம்மில் நிறைய. அவர்களுக்குச் சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு முறை எழுதச் சொல்லும், சில வேறு முறை வைத்திருக்கும். அந்த நிறுவனத்தின் விதியைப் பார்த்தே நிரப்ப வேண்டும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில், அதன் வேறு பக்கத்திலும் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இல்லையென்றால், அமீரகத்துக்கு விசிட் விசாவில் நுழைய முடியாது என்பது 2022 நவம்பரிலிருந்து விதி. வழியில் துபாயில் இரண்டு நாள் தங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் அன்றே சொல்லுங்கள். நிறுவனத்தின் தளத்திலேயே நேரடியாக எடுத்த சீட்டில் 24 மணி நேரத்துக்குள் சுட்டிக்காட்டிய திருத்தத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

இன்னொன்று, தொலைபேசி எண். குழுச் செயலாளர் தன் எண்ணைக் கொடுத்தே முப்பது பேருக்கும் சீட்டு எடுத்துவிடுகிறார். விமானம் நேரம் மாறினால் செய்தி அவருக்கு மட்டும் வரும், அவரோ மண்டபத்தில் வாழைமரம் கட்டிக்கொண்டிருப்பார். அதோடு, தொடர்புக்கான விவரம் சரியாகக் கொடுக்காத பயணிக்கு விமானம் ரத்தானால் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதியே சொல்கிறது. முறைப்படி தெரிவிக்காமல் ரத்து செய்தால் தர வேண்டிய தொகை, ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. மழை, மூடுபனி போன்ற காரணங்களுக்கு இது பொருந்தாது. ஆனால் பணத்தைத் திரும்பப் பெறுவதா மாற்று விமானமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அப்போதும் உண்டு. "திருப்பித் தர மாட்டோம்" என்று அச்சிட்ட சீட்டை நாமே ரத்து செய்தாலும் விமான நிலையக் கட்டணங்களையும் வரிகளையும் கேட்டு வாங்கலாம். நிறையப் பேர் கேட்பதில்லை.

"எல்லாரும் ஒரே ஃப்ளைட்ல போலாம்டா" என்ற குரல் கட்டாயம் எழும். கல்லூரிச் சுற்றுலாப் பேருந்தின் ஞாபகம் அது, புரிகிறது. சென்னை, பெங்களூரிலிருந்து திருச்சிக்கு வரும் விமானங்களில் பல ஏடிஆர் என்ற சிறிய வகை, இருக்கை 78. முப்பது பேர் ஒரே விமானத்தில் பதிவு செய்து அது ரத்தானால் அடுத்த விமானத்தில் முப்பது இடம் இருக்கவே இருக்காது, ஆளுக்கு ஒன்றாகச் சிதறிப்போவார்கள். பதினைந்து பதினைந்தாக இரண்டு விமானங்களில் வாருங்கள். கடைசிக் குழு நிகழ்ச்சிக்கு முந்திய நாள் மாலைக்குள் வந்துவிட வேண்டும், நிகழ்ச்சி நாள் காலை விமானத்தை நம்பி யாரும் சீட்டு எடுக்கக் கூடாது. ஏடிஆரில் மேலே பெட்டி வைக்கும் இடம் சிறியது. 7 கிலோவுக்குள் இருந்தாலும் கெட்டியான டிராலிப் பெட்டியைப் படிக்கட்டருகில் வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். அதற்குள் மருந்து, மடிக்கணினி, பவர் பேங்க் இருந்தால் அந்த நேரத்தில் அவசரமாக வெளியே எடுக்க வேண்டிவரும். துணிப்பை எடுத்து வரச் சொல்லுங்கள்.

பவர் பேங்க் எந்த விமானத்திலும் கீழே போகும் பெட்டியில் இருக்கக் கூடாது. அனுமதி கேட்காமல் கையில் கொண்டுபோகக்கூடியது 100 வாட்-மணி வரை. 20,000 மில்லி ஆம்பியர்-மணி (mAh) என்று போட்டிருந்தால் அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள், 74 வரும், கவலையில்லை. 30,000 என்றால் 111, அதற்கு நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். எழுத்து அழிந்துபோன பழையதைப் பாதுகாப்புச் சோதனையில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். இன்சுலின் போடுபவர்கள் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், கீழே சரக்கறையில் உறைந்தால் மருந்து வீண். மருத்துவர் சீட்டையும் கூடவே வைத்திருக்கட்டும்.

இனி நினைவுப்பரிசு. குழுக்கள் ஆசையாகச் செய்து, விமானத்தில் வந்தவர்கள் விடுதி அறையிலேயே விட்டுப்போகும் பொருட்களை வைத்து ஒரு கண்காட்சியே நடத்தலாம். கண்ணாடிக் கேடயம் உடையும், பித்தளைக் குத்துவிளக்கு எடை இழுக்கும். செட்டிநாடு என்பதால் ஆத்தங்குடிக் கல் ஒன்றில் பெயர் பொறித்துக் கொடுக்கலாம் என்ற யோசனை அடிக்கடி வரும். எட்டு அங்குலக் கல் ஒன்றே இரண்டு கிலோவை நெருங்கும், சிமென்ட் என்பதால் மூலை பெயர்ந்தே வீடு போய்ச் சேரும். உள்நாட்டில் சாதாரணச் சீட்டுக்குப் பெட்டி எடை பெரும்பாலும் 15 கிலோதான். வருபவர் ஏற்கெனவே 13 கிலோவோடு வந்திருப்பார். பனையோலைக் கொட்டான் கொடுங்கள், எடையே இல்லை, அதற்குள் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் வைத்துக் கொடுத்தால் இந்த ஊரின் கைவேலையும் பலகாரமும் சேர்ந்தே போகும். கண்டாங்கிச் சேலையும் நல்ல யோசனை, 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது, மடித்தால் பெட்டியில் இடம் பிடிக்காது. அதிரசத்தை மட்டும் எண்ணெய் வடியவிட்டு, காகிதத்தில் சுற்றி, மூடி உள்ள டப்பாவில் போடுங்கள். நெய், தேன், ஊறுகாய் எல்லாம் வெளிநாடு போகிறவரின் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போகாது, கீழே போகும் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். கொப்பரைத் தேங்காய் கொடுக்கவே வேண்டாம். எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்ற பட்டியலில் அது இருக்கிறது.

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் விஷயத்தில் இரண்டு சட்டச் சங்கதிகள் உண்டு, இரண்டும் குழுவின் தலையில் விடியக்கூடியவை. பழைய நினைவுக்காக ஹாஸ்டல் அறையிலேயே தங்க வைக்கலாம் என்று முடிவெடுத்தால், வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் தங்கிய 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசின் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டிய பொறுப்பு இடம் கொடுத்தவருடையது. ஓட்டல்களுக்கு இது பழக்கம், ஹாஸ்டல் காப்பாளருக்கு இருக்காது. அவர்களை ஓட்டலிலேயே தங்க வைத்துவிடுங்கள், பகலில் ஹாஸ்டலைச் சுற்றிப் பார்க்கட்டும். அடுத்தது நன்கொடை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து தருவது ஒன்று, குடியுரிமை மாற்றியவர் தருவது வேறு. பின்னது, ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்துக்குள் வரும். கல்வி உதவி நிதி திரட்டுவதாக இருந்தால் அந்தச் சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பு வழியாகவே வாங்குங்கள், செயலாளரின் சொந்தக் கணக்கில் வேண்டாம்.

வேன் ஏற்பாட்டுக்கு ஒரு கணக்கு போதும்: பதினேழு இருக்கை வேனில் பெட்டியோடு வருபவர்கள் என்றால் பதினொரு பேர்தான். எல்லார் விமான எண்ணையும் ஒரே தாளில் எழுதி, இரண்டரை மணி நேர இடைவெளிக்குள் இறங்குபவர்களை ஒரு வண்டிக்குச் சேர்த்துவிடுங்கள். வெளிநாட்டு எண்ணோடு வருபவருக்கு விமான நிலைய வைஃபையில் இந்திய எண் இல்லாமல் ஓடிபி வராமல் போகலாம். ஓட்டுநரின் பெயர், வண்டி எண், நிற்கும் இடம் மூன்றையும் கிளம்புவதற்கு முன்பே படமாக அனுப்பி வைத்தால் அவர் தவிக்க மாட்டார்.

இத்தனையும் எதற்கு? வகுப்பறையில் மறுபடி ஒரு நாள் உட்காருவதற்கு. அதையும் கெடுத்துக்கொள்ளும் வழிகள் இருக்கின்றன. முதலாவது, பெயர்ப் பட்டியல். பட்டம் வாங்கியவர்கள் பட்டியலை வைத்து அழைக்காதீர்கள், சேர்க்கைப் பதிவேட்டை வைத்து அழையுங்கள். டிப்ளமோ முடித்து இரண்டாம் ஆண்டில் நேரடியாக வந்தவர்கள், துறை மாறியவர்கள், வருகைப் பதிவு குறைந்து ஓராண்டு தங்கி அடுத்த செட்டோடு முடித்தவர்கள், பாதியில் நின்றவர்கள் எல்லாரும் பட்டப் பட்டியலில் விடுபடுவார்கள். முதலாண்டு ராகிங்கை உங்களோடு சேர்ந்து தாங்கியவன் உங்கள் செட்டுத்தான், அரியரோடு போனாலும். பயணச் செலவுக்கு வழியில்லாதவர்களும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். நிகழ்ச்சிக் கட்டணத்தை எல்லாருக்கும் ஒன்றாகவும் குறைவாகவும் வைத்து, மிகுதியை முடிந்தவர்களிடம் தனியாக வாங்குங்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலைக் குழுவில் போடும் பழக்கத்தை விட்டாலே பத்துப் பேர் கூடுதலாக வருவார்கள்.

மறைந்தவர்களுக்கு அஞ்சலி வைப்பீர்கள். அந்தப் பட்டியலை மூன்று பேராவது தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை விழுந்த கூட்டங்கள் உண்டு. படத்தைக் குடும்பத்தாரிடம் கேட்டு வாங்குங்கள், அவர்களையும் அழையுங்கள்.

அடுத்து, மேடை. நூற்றுப்பத்துப் பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம் அறிமுகம் என்று போட்டால் மூன்று மணி நாற்பது நிமிடம். யாரும் இரண்டு நிமிடத்தில் முடிக்கவும் மாட்டார்கள். மைக்கைச் சுற்றில் விடாதீர்கள். பழைய வரிசை எண்படி வருகைப் பதிவு எடுங்கள், இருப்பவர் எழுந்து "உள்ளேன் ஐயா" சொல்லி ஊரையும் தொழிலையும் ஒரு வரியில் சொல்லட்டும், இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஆசிரியரே வந்து எடுத்தால் அதைவிடச் சிறப்பு, வராதவனுக்கு யார் ப்ராக்ஸி கொடுப்பான் என்று அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். "கல்லூரி நாட்களைப் பற்றிச் சில வார்த்தைகள்" என்று கேட்டால் எல்லாரும் பொற்காலம் என்பார்கள். குறிப்பாகக் கேளுங்கள்: மெஸ்ஸில் எந்தக் கிழமைப் பலகாரத்துக்கு எல்லாரும் வெளியே ஓடினீர்கள், இரவு 11 மணிக்குக் கால் பங்குக் கட்டணம் தொடங்கும் வரை எஸ்டிடி பூத்தில் யாருக்காக நின்றாய், சர்வே கேம்ப்பில் பிழை வந்த அளவை எப்படிச் சரிக்கட்டினீர்கள், யாருடைய ட்ராஃப்டரை யார் இன்னும் திருப்பித் தரவில்லை. கதை தானாக வரும்.

அமெரிக்காவிலிருந்து வருபவர்களை நினைத்து நேரத்தை அமையுங்கள். கோடையில் இங்கே காலை 10 மணி என்றால் நியூயார்க்கில் நள்ளிரவு 12.30. வந்து ஒரு நாளே ஆன உடம்புக்கு நம் பிற்பகல் என்பது விடியற்காலைத் தூக்கம். உரைகளை உணவுக்குப் பின் வைத்தால் அவர்கள் சாய்ந்துவிடுவார்கள் (பந்திச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளூர்க்காரர்களும்தான்). மாலை ஆறு மணிக்கு மேல் அவர்களுக்கு விழிப்பு வரும். பாட்டு, பழைய படங்கள், அரட்டை எல்லாவற்றையும் அங்கே வையுங்கள்.

பழைய படங்களுக்கு இப்போதே ஆளைப் போடுங்கள், கடைசி வாரத்தில் நடக்காது. 4×6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2400×3600 புள்ளிகள் கிடைக்கும், பெரிய திரைக்குத் தாராளம். போனில் படத்தைப் படமெடுத்தால் பளபளப்புக் காகிதத்தில் விளக்கொளி விழும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாகுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டும் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை இழுக்காதீர்கள், பல் இடுக்கு நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்து எடுக்கலாம். ஒவ்வொரு படத்திலும் இருப்பவர்கள் பெயரை இடமிருந்து வலமாக எழுதி வாங்குங்கள்.

திரும்பும் பயணத்தை யாரும் திட்டமிடுவதில்லை. ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு மாலை 5 மணி விமானத்தைப் பிடிக்க நினைப்பவர், காரைக்குடியிலிருந்து ஒரு மணிக்குள் கிளம்பியாக வேண்டும். பெட்டி கொடுக்கும் கவுன்டர் உள்நாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடும், கதவு 25 நிமிடம் முன்பே. குழுப் படத்தைச் சனிக்கிழமை காலையிலேயே எடுத்துவிடுங்கள், ஞாயிறு மதியம் என்று வைத்தால் விமானத்தில் போகிறவர்கள் யாரும் அதில் இருக்க மாட்டார்கள்.

அன்புடன்,
ஒன்றுகூடல் பயண ஏற்பாடுகளில் கைகொடுக்கும் நண்பர்கள்